கேமுக்காக அழித்த லினக்ஸ்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவர் வீடு, ராசிபுரம் பக்கம் சேகோ ஆலையில் கூலி வேலை பார்ப்பவர் வீடு, நாமக்கல்லில் லாரி டிரைவர் வீடு என்று பிளஸ் டூ பிள்ளை இருந்த வீடுகளுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. மூடியில் அன்றைய முதலமைச்சரின் படம் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் கறுப்புத் திரையில் சில விநாடிகளுக்குக் கணினியை இயக்கும் அமைப்புகளின் பட்டியல் ஒன்று வரும். விண்டோஸ் ஒரு வரி, பாஸ் லினக்ஸ் ஒரு வரி. எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பாஸ் லினக்ஸ் சென்னையில் உருவானது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து அதை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்யும். உரிமக் கட்டணம் கிடையாது. மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். அதே காலத்தில், 2006-07 வாக்கில், தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அந்த அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். அரசு காசு கொடுத்து வாங்கும் கணினி ஒரே ஒரு கம்பெனியை நம்பி இருக்கக் கூடாது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் அன்றே இருந்தது. மடிக்கணினித் திட்டத்தில் கடைசியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. இத்தனை பெரிய அளவில் மாணவர்களின் சொந்தக் கணினிக்குள் லினக்ஸைக் கொண்டுபோன முயற்சிகள் உலகத்திலேயே அதிகம் இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த லினக்ஸை என்ன செய்தார்கள்? அழித்தார்கள். பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்தால் சீட்டாட்டமும் சுடோகுவும்தான் இருந்தன. “இதுல கேம் ஓடாதுடா” என்று யாராவது ஒருவன் சொன்னால் போதும், லேப்டாப் நேராக பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போகும். கடைக்காரர் மொத்தமாக ஃபார்மேட் அடித்து, ‘அல்டிமேட்’ என்ற பெயரில் கிராக் செய்த விண்டோஸைப் போட்டு, கூடவே நாலு கேமும் ஏற்றிக் கொடுப்பார். லினக்ஸ் இருந்த இடமும் சேர்ந்து ஒரு டிரைவாகிவிடும். அதில் சினிமா ஏறும்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. கையில் கிடைத்த முதல் கணினியில் விளையாடிப் பார்க்க ஆசைப்படுவது எந்தப் பதினேழு வயதுக்கும் இயல்பு. ஒரு கணினி அமைப்பு வீட்டில் தங்குவதும் வெளியேறுவதும் பிள்ளைகள் அதில் விளையாட முடிகிறதா என்பதைப் பொறுத்தது. லினக்ஸ் நம் ஊரில் தோற்றது இந்த ஒரு இடத்தில்தான். இன்று அதே இடத்தில்தான் நிலைமை தலைகீழாக மாறியிருக்கிறது.

பென்டிரைவ் காலம்

லேப்டாப் வருவதற்கு முன் நம் ஊரில் கணினி விளையாட்டு என்றால் பிரவுசிங் சென்டர்தான். சேலத்தில் நாலு ரோடு, அஞ்சு ரோடு, கல்லூரிகள் இருக்கும் சாலைகள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய மாடிக் கடைகள். மணிக் கணக்கில் காசு. பலகைத் தடுப்பு போட்ட அறைகளில் வரிசையாகக் கணினிகள். எல்லாவற்றையும் ஒரே வயரில் இணைத்து கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடும். இடம் கிடைக்காதவர்கள் விளையாடுகிறவனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று “பின்னாடி பாரு, பின்னாடி பாரு” என்று கத்துவார்கள். தனியாக வந்தவனுக்கு வைஸ் சிட்டியும் ரோடு ராஷும். எதையும் யாரும் காசு கொடுத்து வாங்கியது கிடையாது. கேம்கள் சிடியில் வந்தன, பிறகு பென்டிரைவில் வந்தன.

லினக்ஸின் தோல்விக்கு இந்தப் பென்டிரைவ் வழக்கமும் ஒரு பெரிய காரணம். டெபியனின் இணையக் களஞ்சியத்தில் அன்றைக்கே நூற்றுக்கணக்கான இலவச கேம்கள் இருந்தன. பனிச்சரிவில் பென்குவின் சறுக்கும் டக்ஸ் ரேசர் 2000-இலேயே வந்துவிட்டது. ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்ற போர் வியூக விளையாட்டு 2003-இல் வந்தது. ஓப்பன் டிடிடி 2004-இல் வந்தது. லாரி, பஸ், ரயில் எல்லாம் வாங்கி விட்டுப் போக்குவரத்துக் கம்பெனி நடத்தும் விளையாட்டு அது. இவற்றைப் பெற இணையம் வேண்டும். லினக்ஸ் ஒரு கேமை நிறுவும்போது அதற்குத் தேவையான துணைக் கோப்புகளையும் களஞ்சியத்திலிருந்து தானே எடுத்து வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2012-இல் நம் கிராமங்களில் இருந்த இணையம் 2ஜி டாங்கிள். பெரும்பாலான வீடுகளில் அதுவும் இல்லை. விண்டோஸ் கேம் என்றால் பென்டிரைவில் காபி செய்து, செட்டப் கோப்பைத் தட்டினால் வேலை முடிந்தது. ஊரின் வழக்கம் கைக்குக் கை கொடுப்பது. லினக்ஸின் வழக்கம் இணையத்தில் இறக்குவது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

அது போக, 2012 மின்வெட்டு ஆண்டு. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. தறி நின்றது, பட்டறை நின்றது, கடையில் ஜெனரேட்டர் ஓடியது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. தெருவே இருட்டாக இருக்கும் நேரத்தில் திண்ணையில் ஒரு லேப்டாப், சுற்றிலும் ஏழெட்டுத் தலைகள். இந்த லேப்டாப் தலைமுறை விளையாடக் கற்றது அப்படித்தான். அந்தத் திரையில் ஓடியது கிராக் விண்டோஸ். அதோடு வந்த வைரஸும் பென்டிரைவ் வழியாக ஊர் சுற்றியது. வைரஸ் வந்தால் மறுபடியும் கடை, மறுபடியும் ஃபார்மேட், மறுபடியும் காசு. விலையில்லாமல் வந்த கணினிக்கு விலை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதே 2012-இல் வெளியே நடந்தது

இங்கே பிள்ளைகள் லினக்ஸை அழித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேறொரு வேலை தொடங்கியிருந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக்கை வெளியிட்ட வால்வ் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. இணையத்தில் கேம் விற்கும் ‘ஸ்டீம்’ கடையும் அவர்களுடையது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8-இல் தன் சொந்தக் கடையைக் கொண்டுவரப்போகிறது என்று தெரிந்ததும், வால்வ் தலைவர் கேப் நியூவெல் 2012 ஜூலையில் அதை வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். விண்டோஸின் கதவு ஒருநாள் சாத்தப்படலாம் என்ற பயம் அவருக்கு. அடுத்த மாதமே தங்கள் ‘லெஃப்ட் 4 டெட் 2’ விளையாட்டு ஒரே கணினியில் விண்டோஸ் 7-இல் நொடிக்கு 270 ஃபிரேம்களும், உபுண்டு லினக்ஸில் 315 ஃபிரேம்களும் ஓடுவதாக வால்வ் அறிவித்தது. லினக்ஸில் கேம் ஓடாது என்ற பேச்சுக்கு நல்ல பதில் அது. 2013 பிப்ரவரி 14 அன்று லினக்ஸுக்கான ஸ்டீம் வெளியானது. நம் பிரவுசிங் சென்டர்களை நிரப்பிய கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-க்கும் அந்த ஆண்டே லினக்ஸ் பதிப்பு வந்தது. அது வந்த செய்தி நம் ஊரில் யாருக்கும் எட்டவில்லை.

இந்த முயற்சிகளுக்கு முன்கதை உண்டு. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ‘வைன்’ திட்டம் 1993-இல் தொடங்கியது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதை நடத்திவருகிறார். 1998-இல் தொடங்கிய லோகி என்ற கம்பெனி புகழ்பெற்ற கேம்களை லினக்ஸுக்கு மாற்றி விற்றது, வாங்க ஆளில்லாமல் 2002-இல் மூடியது. வால்வும் முதலில் ஒரு அடி வாங்கியது. 2015-இல் லினக்ஸில் ஓடும் ‘ஸ்டீம் மெஷின்’ பெட்டிகளைச் சந்தைக்கு விட்டார்கள், விற்கவில்லை. காரணம் அதே பழைய காரணம்தான். கேம் போதவில்லை. ஆள் இல்லாததால் கம்பெனிகள் லினக்ஸுக்கு கேம் செய்யவில்லை. கேம் இல்லாததால் ஆள் வரவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்ததில் ஒரு இளைஞரின் விளையாட்டு ஆசைக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிலிப் ரெபோலே ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்ற கேமை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்டார். அது ஓடவில்லை. ஓட வைக்கத் தானே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். விண்டோஸ் கேம்கள் திரையில் படம் வரைய டைரக்ட்3டி என்ற மைக்ரோசாஃப்ட் மொழியில் கட்டளை கொடுக்கும். 2016-இல் வல்கன் என்ற பொது மொழி ஒன்று வந்திருந்தது. எந்த அமைப்பிலும் கிராஃபிக்ஸ் கார்டோடு நேராகப் பேசக்கூடியது. ஒன்றை மற்றொன்றாக அந்தக் கணமே மாற்றிக்கொடுப்பதுதான் ரெபோலே எழுதிய டிஎக்ஸ்விகே. வால்வ் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வைனையும் டிஎக்ஸ்விகேவையும் சேர்த்து 2018 ஆகஸ்ட் 21 அன்று ‘புரோட்டான்’ என்ற பெயரில் வெளியிட்டது.

நாமக்கல்லிலிருந்து குஜராத்துக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். கூட வரும் கிளீனருக்கு இந்தி தெரியும். டோல்கேட்டிலும் குடோனிலும் டிரைவர் தமிழில் சொல்வதைக் கிளீனர் அப்போதைக்கப்போது இந்தியில் சொல்லிவிடுவார். டிரைவர் இந்தி கற்க வேண்டியதும் இல்லை, குடோன்காரர் தமிழ் கற்க வேண்டியதும் இல்லை. லோடு இறங்கிவிடும். புரோட்டான் செய்வது அந்தக் கிளீனரின் வேலையைத்தான். கேம் செய்த கம்பெனி லினக்ஸுக்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டாம். விளையாடுகிறவரும் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம். ஸ்டீமில் ‘இன்ஸ்டால்’, பிறகு ‘பிளே’.

புரோட்டான் வந்த அன்று வால்வ் சோதித்து ஒப்புதல் தந்தவை 27 கேம்கள் மட்டும். இன்று ஸ்டீமில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. 2022 பிப்ரவரியில் வந்த ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்க விளையாட்டுக் கணினி முழுக்க லினக்ஸில் ஓடுவது. 2025 அக்டோபரில் ஸ்டீம் எடுத்த கணக்கெடுப்பில் லினக்ஸில் விளையாடுகிறவர்களின் பங்கு முதல் முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன எண்ணாகத் தெரியலாம். பல ஆண்டுகளாக ஒரு சதவீதத்தை ஒட்டியே கிடந்த எண் அது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லாரி ஊரில் லாரி கேம்

நம் ஊர் மாற்றத்தை ஒரு விளையாட்டில் பார்க்க வேண்டுமென்றால் நான் ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ என்பதைத்தான் காட்டுவேன். செக் நாட்டின் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012 அக்டோபரில் வெளியிட்ட லாரி ஓட்டும் விளையாட்டு. லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளும், தென்னிந்தியா முழுக்க எரிவாயு ஏற்றிப் போகும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கமும் இருக்கும் நாமக்கல்லில், ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோட்டில் இந்த கேம் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

விளையாட்டின் போக்கே நம் ஊர்க் கதைதான். முதலில் அடுத்தவர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்ட வேண்டும். கொஞ்சம் காசு சேர்ந்ததும் பேங்கில் கடன் வாங்கிச் சொந்த லாரி எடுக்கலாம். டீசல் போட வேண்டும். தூக்கம் வந்தால் ஓரம் கட்ட வேண்டும். சிக்னலை மீறினால் அபராதம். சரக்கு அடிபட்டால் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். கடன் அடைந்தபின் இரண்டாவது லாரி, டிரைவருக்கு ஆள், பிறகு ஷெட்டைப் பெரிதாக்குவது. நாமக்கல்லில் கிளீனராக ஏறி உரிமையாளராக இறங்கியவர்கள் நிறைய பேர். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் திரையில் ஓடுவது தாத்தாவின் வாழ்க்கை. ஐரோப்பியச் சாலையாக இருந்தாலும் ரிவர்ஸில் டிரெய்லரை வளைத்து நிறுத்தும்போது கை நடுங்குவது ஒன்றுதான்.

இந்த விளையாட்டுக்குப் புரோட்டான்கூடத் தேவையில்லை. லினக்ஸுக்கென்றே நேரடிப் பதிப்பு இருக்கிறது. இதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள் ‘மாட்’ செய்து போடுகிறார்கள்: புது வண்டி, புது ஹாரன், புதுப் பெயின்ட், இந்தியச் சாலை, நம் ஊர் பஸ். லினக்ஸில் ஒரு மாடை எப்படிப் போடுவது? வீட்டு அடைவில் ‘.லோக்கல்’ என்று புள்ளியில் தொடங்கும் ஓர் அடைவு மறைந்திருக்கும். அதைக் காட்டச் சொல்ல வேண்டும். அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் விளையாட்டின் பெயர், அதற்குள் ‘மாட்’. இறக்கிய கோப்பை அங்கே போட்டுவிட்டு விளையாட்டைத் திறந்து, மாட் மேலாளரில் அதை இயக்க வேண்டும். பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் லினக்ஸுக்கு அது வேறு கோப்பு. ஒரு ஹாரன் சத்தத்துக்காக இதைச் செய்கிற பிள்ளை, மறைந்த அடைவு என்றால் என்ன, கோப்புப் பாதை என்றால் என்ன என்பதை யாரும் பாடம் நடத்தாமலே கற்றுக்கொள்கிறது. அதே பாடத்தைப் புத்தகத்தில் படித்தால் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோகும்.

இன்னும் ஆழமாகப் போக ஆசைப்படுகிற பிள்ளைக்கு வெஸ்நாத் இருக்கிறது. அதில் வரும் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு உண்டு. உயிர்ப் புள்ளி இத்தனை, நகரும் கட்டம் இத்தனை, படையில் சேர்க்க ஆகும் பொன் இத்தனை என்று வரிவரியாக இருக்கும். நோட்பேடு போன்ற எந்தச் செயலியிலும் திறந்து படிக்கலாம். அதைப் பார்த்துச் சொந்தமாக ஒரு தொகுப்பு எழுதி, அதில் ஒரு வீரனுக்கு எண்ணை மாற்றிக் கொடுத்தால் அடுத்த ஆட்டத்தில் அவன் அப்படியே வருவான். மேட்டூர் அணையைக் காக்கும் படை என்று ஒரு கதையை நாமே எழுதி அதில் இறக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வைஸ் சிட்டியின் கிராக் சிடியைப் பல ஆண்டு ஓட்டினாலும் இந்தச் சுதந்திரம் கிடைத்திருக்காது.

கடையும் மாறியது, கையும் மாறியது

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பென்டிரைவ் வழக்கம் அதன் பிறகுதான் ஓய்ந்தது. ஆனால் அந்த இணையம் பிள்ளைகளைக் கணினிக்கு அழைத்து வரவில்லை. செல்போனுக்கு அழைத்துப் போனது. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்று மொத்த ஊரும் குனிந்தது. மத்திய அரசு 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தது. 2021-இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பியது. பிரவுசிங் சென்டர்களில் பல ஜெராக்ஸ் கடையாகவும் ஆதார், பான் கார்டு விண்ணப்பிக்கும் இடமாகவும் மாறின. விலையில்லா லேப்டாப் பரண் ஏறியது. அந்தச் செல்போன்களில் இருக்கும் ஆண்ட்ராய்டின் உட்கருவும் லினக்ஸ்தான். லினக்ஸை அழித்த கைகளில் லினக்ஸே வேறு உடையில் வந்து உட்கார்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் வசதி மட்டும் அதில் இல்லாமல் போனது.

கணினிப் பக்கம் திரும்பி வருகிறவர்கள் இப்போது இரண்டு காரணங்களுக்காக வருகிறார்கள். ஒன்று, கல்லூரி. இன்னொன்று, பழைய கணினி. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய பிராசசர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்தப் பட்டியலில் இல்லை. சேலத்தில் செகண்ட் ஹேண்டு லேப்டாப் விற்கும் கடைகளில் அடுக்கியிருப்பவற்றில் பாதிக்கு இதே கதிதான். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை அந்தக் கணினிகளுக்கு ஆயுள் தருகின்றன. விளையாட்டுக்கென்றே பாஸைட் போன்ற லினக்ஸ் தொகுப்புகளும் வந்துவிட்டன. ஸ்டீமும் கிராஃபிக்ஸ் டிரைவரும் அதில் முன்கூட்டியே சேர்ந்து வரும். ஏஎம்டி கார்டு என்றால் டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியா கார்டை வைத்துக்கொண்டு கறுப்புத் திரையோடு போராடிய காலமும் பெருமளவு முடிந்துவிட்டது. 2022-இல் அந்தக் கம்பெனியே தன் டிரைவரின் உட்கருப் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது.

பரணில் கிடக்கும் 2012 லேப்டாப்பை இறக்கினால் என்ன ஓடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புரோட்டான் அதில் எதிர்பார்த்தபடி ஓடாது. அன்றைய இன்டெல் சில்லுகளில் வல்கன் வசதி இல்லை, அல்லது அரைகுறையாக இருக்கிறது. ஆனால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, ராமைக் கூட்டி, இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் வெஸ்நாத், ஓப்பன் டிடிடி, சூப்பர் டக்ஸ் எல்லாம் தாராளமாக ஓடும். சின்னப் பிள்ளைகள் படம் வரைய டக்ஸ் பெயின்ட், விளையாடிக் கற்க ஜிகாம்ப்ரி இருக்கின்றன. 2012-இல் இதே கேம்கள் இதே லேப்டாப்பில் ஓடியிருக்கும். கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஓடாதவை

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது. கல்லூரி விடுதிகளில் கும்பலாக விளையாடும் வேலரன்ட் லினக்ஸில் ஓடாது. அதில் இருக்கும் வேன்கார்டு என்ற மோசடித் தடுப்பு நிரல் விண்டோஸின் உட்கருவுக்குள் போய் உட்காரும் வகை. லினக்ஸில் அதற்கு இடமில்லை. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி லினக்ஸில் அழகாக ஓடும். ஆனால் 2024 செப்டம்பரில் புதிய மோசடித் தடுப்பைச் சேர்த்த பிறகு அதன் ஆன்லைன் பகுதியில் லினக்ஸ் ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. வேலரன்ட் தவிர மற்றவை தொழில்நுட்பத்தால் முடியாததால் நின்றவை அல்ல; ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 முதலே புரோட்டானில் வேலை செய்யக்கூடியவை. கம்பெனி சம்மதிக்க வேண்டும், பலர் சம்மதிப்பதில்லை.

இதன் வலி விடுதி அறையில் தெரியும். நான்கு நண்பர்களில் மூவர் வேலரன்ட் ஆடினால் நான்காமவன் லினக்ஸ் வைத்திருக்க மாட்டான். 2012-இல் வைஸ் சிட்டிக்காக நடந்தது இன்று வேலரன்டுக்காக நடக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆகியவை லினக்ஸில் நேரடியாக ஓடுகின்றன, இரண்டும் இலவசமாகவே தொடங்கலாம். கும்பலை அந்தப் பக்கம் இழுக்க முடிந்தவனுக்குக் கவலை இல்லை.

இழந்ததும் ஒன்று உண்டு. பிரவுசிங் சென்டரில் நாற்காலிக்குப் பின்னால் நின்ற கூட்டமும், மின்வெட்டு இரவில் திண்ணையில் கூடிய தலைகளும் இப்போது இல்லை. காதில் ஹெட்செட், கதவு சாத்திய அறை. இந்த இடத்தில் லினக்ஸின் இலவச கேம்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சூப்பர் டக்ஸ் கார்ட் என்ற பந்தய விளையாட்டில் ஒரே திரையைப் பிரித்துப் பல பேர் ஆடலாம். வெஸ்நாத்தில் ஒரே கணினியில் முறை மாற்றி முறை ஆடலாம். அண்ணனும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டுக்கு இணையமும் வேண்டாம், கணக்குத் திறக்கவும் வேண்டாம்.

பெற்றோர் இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. செல்போன் விளையாட்டு எதைத் திறந்தாலும் நடுவில் விளம்பரம் வரும், துப்பாக்கிக்கு ‘ஸ்கின்’ என்ற அலங்காரம் வாங்கச் சொல்லும், பெட்டியைத் திறக்கக் காசு கேட்கும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டால் தமிழ்நாட்டில் குடும்பங்கள் சிதைந்ததை நாம் பார்த்திருக்கிறோம். மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அவற்றைத் தடை செய்து சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சூப்பர் டக்ஸும் வெஸ்நாத்தும் ஓப்பன் டிடிடியும் லினக்ஸில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு ரூபாய் கேட்டதில்லை, ஒரு விளம்பரம் காட்டியதில்லை. பிள்ளையின் பெயரையோ போன் நம்பரையோ கேட்பதும் இல்லை. ஆசையால் செய்கிறவர்கள் ஆடுகிறவர்களுக்காகச் செய்த விளையாட்டுகள் இவை.

இந்த முறை

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று அறிவித்தது. நம் சமவெளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலைக் கல்லூரிகளும், சேலம், நாமக்கல், திருச்செங்கோடு சுற்றிய பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் ஏராளம். இந்தப் பிள்ளைகளின் கையில் வரும் கணினி 2012 கணினி மாதிரி இருக்காது. வல்கன் ஓடும், புரோட்டான் ஓடும், வீட்டுக்குப் பக்கத்தில் ஃபைபர் கேபிள் போகிறது. அன்று இல்லாத எல்லாமே இன்று இருக்கிறது.

ஆகவே கேட்பது சின்ன விஷயம்தான். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் லினக்ஸை வெறும் ஆபீஸ் செயலிகளோடு கொடுக்காதீர்கள். வெஸ்நாத்தையும் சூப்பர் டக்ஸ் கார்ட்டையும் உள்ளேயே வைத்துக் கொடுங்கள். ஸ்டீமை எப்படி நிறுவுவது, எந்த கேம் ஓடும், எது ஓடாது என்று தமிழில் நான்கு பக்கக் கையேடு ஒன்றைச் சேருங்கள். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ‘கணியம்’ மின்னிதழ் 2012 முதல் அந்த வேலையைச் செய்துவருகிறது. கல்லூரி விழாவில் கிரிக்கெட்டோடு ஒரு சூப்பர் டக்ஸ் கார்ட் போட்டியும் வைத்துப் பாருங்கள். லேப்டாப்பைக் கொண்டுவந்தால் ‘ஓஎஸ் போடும்’ கடைக்காரர்களும் லினக்ஸைப் போட்டு நாலு கேம் ஏற்றிக் கொடுக்கலாம். கிராக் தேட வேண்டாம், வைரஸ் பயம் இல்லை, வாடிக்கையாளரும் திட்ட மாட்டார்.

உலகத்தின் இணைய சர்வர்களில் பெரும்பகுதியும், அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர்களின் முதல் 500 பட்டியலில் இருக்கும் அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பெங்களூரிலோ சென்னையிலோ வேலைக்குச் சேரும் நம் பிள்ளை முதல் வாரத்திலேயே கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டியிருக்கும். லாரி ஹாரனுக்காக மறைந்த அடைவைத் திறந்து பழகியவளுக்கு, வீரனின் எழுத்துக் கோப்பை மாற்றி ஆடிப் பார்த்தவனுக்கு அந்தத் திரை பயம் காட்டாது. 2011-இல் அரசு சேர்த்துக் கொடுத்த லினக்ஸால் வந்திருக்க வேண்டியது இந்தப் பழக்கம்தான். பாடத்தால் வராத அந்தப் பழக்கம் விளையாட்டால் வரும். பிள்ளைகளை அதில் விளையாட விடுவோம்.